முன், பின்

உங்கள் குளியலறையைப் படமெடுத்து அனுப்புங்கள்,
இருப்பதிலேயே மோசமானதைப்
புத்தம் புதிதாக்கித் தருகிறோம் என்றது
டைல்ஸ் கடை நோட்டீஸ்.

எங்களுடையது என்று சொல்ல
எங்களுக்கொரு குளியலறை கிடையாது.
ஜெய்ஹிந்த்புரம் காம்பவுண்டில்
ஆறு வீட்டுக்கு ஒன்று.
அதனாலென்ன,
மோசத்தில் ஆறில் ஒரு பங்கு எனக்கும் உண்டென்று
அனுப்பிவைத்தேன்.

எல்லாம் விழுந்திருந்தது படத்தில்.
கீழ்ப்பாதி துருவாய்க் கரைந்த தகரக் கதவு,
ஓட்டையில் சுருட்டி அடைத்த பால் பாக்கெட்,
எந்த நெற்றியிலிருந்து வந்ததென்று தெரியாத
இருபது முப்பது ஸ்டிக்கர் பொட்டு,
போர் தண்ணீர் உப்பேறி
விளிம்பு வெளுத்த வாளி,
தாழ்ப்பாள் இருந்த இடத்தில்
நான்கு ஆணித் துளை.

தாழ்ப்பாள் போய் ஒன்பது வருஷம்.
இருமல்தான் தாழ்ப்பாள்.
செருப்புச் சத்தம் கேட்டால்
உள்ளேயிருந்து இருமவேண்டும்.
ஜெசிந்தாவுக்குச் சின்னதாய் இரண்டு.
ரஹ்மத் அக்கா செருமுவதோடு சரி.
மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கும் வேல்மயிலுக்குப்
பீடி இருமல்.
அவர் பாட்டுக்கு வீட்டில் படுத்து இரும,
காலிக் குளியலறைக்கு வெளியே
துண்டோடு காத்திருந்திருக்கிறேன்.

முதல் பரிசென்று போன் வந்தபோது
ஜெராக்ஸ் கடையில்
யாருடைய பட்டாவுக்கோ நாலு காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.
ஐந்தாவதாக ஒன்றும் வந்துவிட்டது.

பதினோரு நாள் வேலை.
பதினோரு நாளும் விடிவதற்கு முன்னால்
தொட்டிக்குப் பக்கத்தில்
சேலையைக் கட்டி மறைத்துக் குளித்தோம்.
பிறகு திறந்துவிட்டார்கள்.
முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சுவர்.
தலைக்கு மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஷவர்.
ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற தெருவில்
அது மழையாகவெல்லாம் பெய்யவில்லை,
சளி பிடித்த பிள்ளை மூக்காய் ஒழுகியது.
அதற்கு நேர் கீழே
அதே உப்பு வாளியை வைத்தோம்.

ஓனர் கனகவேல் வந்தார்.
குழாயைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
புதுக் கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டார்.
வெளியே வந்து
"வீட்டுக்கு முந்நூறு கூட்டிக் குடுத்துருங்க" என்றார்.
ஆறு முந்நூறு ஆயிரத்தெண்ணூறு.
பரிசு விழுந்தது எனக்கு,
மாசாமாசம் வாங்குவது அவர்.
"நல்லா ஜெயிச்ச போ" என்றாள் ஜெசிந்தா.
அதற்கப்புறம் பேசவில்லை.

காளவாசல் சிக்னலில் பேனர் கட்டினார்கள்.
முன் என்று ஒரு படம், பின் என்று ஒரு படம்.
பின்னில் நான்,
கடைக்காரர் கொடுத்த பூங்கொத்தோடு, பல் அத்தனையும் தெரிய.
முன்னில் நான் இல்லையென்றுதான்
நினைத்திருந்தேன்.
கதவோரத்து ஆணியில் என் மஞ்சள் உள்பாவாடை,
நாடாவில் குத்திய ஊக்கு உட்பட,
ஆளுயரத்துக்குத் தொங்கியது.
மகன் இன்பசேகர் டவுன் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறான்.
"அந்த சிக்னல் ரொம்ப நேரம்மா" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி ஒன்றரை மணி.
குளிக்க அல்ல,
எதற்கென்றும் இல்லை, உள்ளே போனேன்.
தாழ்ப்பாளைப் போட்டேன்.
டக்.
எடுத்துவிட்டு இன்னொரு தரம் போட்டேன்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
யாரும் திறக்க முடியாத ஒரு கதவுக்கு இந்தப் பக்கம்
இப்போதுதான் இருக்கிறேன்.
அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.
டைல்ஸ் கணக்கெடுத்தேன்.
நூற்றி நாற்பதில் விட்டுப்போனது.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது.
தட்டவில்லை.
சின்னதாய் இரண்டு இருமல்.
வெளியே நிற்பவள் இருமுவது வழக்கமே இல்லை.

தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது,
இருந்தாலும்
நானும் இருமினேன்.